பிள்ளைக் காம்பராவும் 500 ரூபாயும்

ஊவா மலைத் தோட்டங்களின் வரலாறு: 19

1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கியதையும், 3 வருடம் கழித்து அப்புத்தளைக்கு ரயில் வந்து சேர்ந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். தேயிலைப் பெட்டிகள் எந்த வழியாகக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போயின என்பதற்கு வரைபடங்களும் கணக்குப் புத்தகங்களும் நிறையக் கிடைக்கின்றன. அந்தத் தேயிலையைக் கிள்ளிய பெண்கள் எங்கே பிள்ளை பெற்றார்கள், யார் பிரசவம் பார்த்தார்கள், பிறகு எப்படி அவர்கள் பிள்ளை பெறுவது நிறுத்தப்பட்டது என்பதையெல்லாம் சட்டங்களின் உட்பிரிவுகளிலும் ஆஸ்பத்திரிப் பதிவுகளிலும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இதழும் அடுத்த இதழும் அதற்காக.

கோப்பிக் காலத்தில் ஊவா மலைகளுக்குப் பெரும்பாலும் ஆண்கள்தான் வந்தார்கள். பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, கூலியை வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு நடந்து திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்டது. அடுத்த 20 வருடங்களில் கோப்பி அழிந்து அந்த நிலமெல்லாம் தேயிலையானது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரந்தோறும் கொழுந்து எடுத்தாக வேண்டும், அதற்கு மலையிலேயே குடியிருக்கும் ஆட்கள் வேண்டும். ஆகவே துரைமார் குடும்பங்களைக் கேட்டார்கள். கங்காணிகள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பங்களாகவே கூட்டி வந்தார்கள். இன்றைய கொழுந்தையும் நாளைய ஆளையும் ஒருசேரத் தருபவள் என்றுதான் தோட்டம் பெண்ணைக் கணக்கிட்டது.

அந்தக் கணக்கு கங்காணியின் மடியிலும் இருந்தது. அவரது கும்பலில் அன்றாடம் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தோட்டம் அவருக்குப் பென்ஸ் காசு கொடுத்தது. பிள்ளைத்தாய்ச்சி லயத்தில் படுத்துவிட்டால் அன்றைக்கு ஒரு காசு குறையும். நிறைமாதத்தில் கூடையைச் சுமந்து மலையேறிய பெண்களைப் பற்றி இன்றும் கிழவிகள் பேசுவார்கள். அவர்களுடைய உழைப்பை மெச்சுவதற்காகவே அந்தக் கதைகள் சொல்லப்படுகின்றன. எனக்கு அவற்றில் முதலில் கேட்பது அந்தப் பென்ஸ் காசின் சத்தம்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராதான் பிரசவ அறை. அடுப்பும் அதற்குள்ளேயே. ஆண்களும் பிள்ளைகளும் இஸ்தோப்பில் காத்திருக்க, லயத்திலேயே இருந்த ஒரு கிழவி பிரசவம் பார்த்தாள். கை தேர்ந்தவர்கள் அவர்களில் பலர். குழந்தையின் தலை திரும்பியிருப்பதை வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவார்கள். ஆனால் தொப்புள்கொடி அறுக்கும் கத்தி கொதிநீரைக் கண்டிருக்காது. பிறந்து ஒரு வாரத்துக்குள் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல் செத்த குழந்தைகளைக் கொன்றது அந்தக் கத்தி வழியாகப் புகுந்த ஏற்பு நோய். தோட்டங்களில் அந்த நோய் 1970கள் வரை குழந்தைகளைக் கொண்டுபோனது. தாய்க்கு இன்னொரு எதிரி கொக்கிப் புழு. கக்கூஸ் இல்லாத லயங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதம் வழியாக ஏறி, குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடித்தது. ரொக்பெல்லர் அமைப்பு 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பில் இறங்கியது. சோகை பிடித்த தொழிலாளி எவ்வளவு வேலை இழக்கிறான் என்பதைக் காட்டியே அந்த வேலைக்குத் தோட்டக்காரர்களின் ஆதரவு தேடப்பட்டது. சோகை பிடித்த பெண் பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் இழக்கலாம் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1872இலேயே தோட்டப் பிரதேசங்களுக்கான வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1912இல் வந்த புதிய சட்டங்களில் ஒரு பிரிவு இருக்கிறது. தோட்டத்தில் வசித்து வேலை செய்யும் பெண் பிள்ளை பெற்றால் 30 நாட்களுக்கு அவளுக்குப் போதுமான உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், மாவட்ட வைத்திய அதிகாரி உடல்நிலை சரி என்று சான்று தந்தாலொழிய அந்த நாட்களில் அவளை வேலைக்கு இழுக்கக் கூடாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. வாசித்தால் நல்ல சட்டம். ஆனால் அதை நிறைவேற்ற வேண்டியவர் துரை. நிறைவேறவில்லை என்று யாரிடமாவது முறையிட வேண்டுமென்றால் அதுவும் துரையிடம்தான். தம்பேதன்னயின் மேற்பிரிவிலிருந்து அப்புத்தளை நகரத்துக்கு 10 கிலோமீட்டருக்கு மேல். சிக்கலான பிரசவம் என்றால் கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, ஆண்கள் தோள் மாற்றிச் சுமந்துகொண்டு அந்த வளைவுகளில் இறங்க வேண்டும். துரையின் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

பச்சை உடம்புக்காரி மலைக்குத் திரும்பும்போது குழந்தையை வைத்துப் பார்ப்பதற்காக வந்ததுதான் பிள்ளைக் காம்பரா. சில தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். கொழுந்தெடுக்க முடியாத வயதுப் பெண்ணை ஆயாவாக வைத்து, தொட்டில்கள் கட்டி, பால் கொடுக்கத் தாய்க்கு நேரம் ஒதுக்கினார்கள். பிள்ளைக் காம்பராவைத் தோட்டத்தின் கருணையாகக் காட்டும் எழுத்துகள் உண்டு. குழந்தைகள் பிழைத்தது உண்மை, அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். தாய்மார் விரைவில் கூடை கட்டியதும் உண்மை. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தபோது, பணத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பிரசவ விடுதியும் உணவும் மருத்துவிச்சியும் தரலாம் என்று தோட்டங்களுக்குத் தனி வழி விடப்பட்டது. இதனால்தான் பல பெரிய தோட்டங்களில் பிரசவ வாட்டுகள் எழுந்தன. தகரக் கூரை, நாலைந்து கட்டில், தோட்டச் சம்பளம் வாங்கும் ஒரு மருத்துவிச்சி, மேலே ஒரு டிஸ்பென்சர். மருந்து கொடுப்பவரும் சம்பளம் கொடுப்பவரும் ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட இந்த ஏற்பாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதன் முழுப் பலனும் 40 வருடம் கழித்துத் தெரியவந்தது.

இனி 1948. அந்த வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்கள் நாடற்றவர்களானதை இத்தொடரின் வேறு அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம். இங்கே ஒன்று மட்டும். அதுவரை 'ஆட்கள் போதவில்லை' என்றிருந்த பேச்சு அதன் பிறகு 'ஆட்கள் அதிகம்' என்று மாறியது. தோட்டத்தில் பிறக்கும் பிள்ளை துரைக்கு உபரி, அரசுக்கு இன்னொரு நாடற்ற தலை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். எந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கணக்கில் சேரும் என்று இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் குடும்பக்கட்டுப்பாடு மலையேறியது.

குடும்பக்கட்டுப்பாட்டுச் சங்கம் இலங்கையில் 1953இல் தொடங்கியது. 1958இல் சுவீடன் அரசாங்கம் இலங்கையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு வளரும் நாட்டின் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு இன்னொரு நாட்டின் அரசு நேரடியாக உதவிய ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. சோதனைக்கு இரண்டு இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று களுத்துறை மாவட்டத்துப் பண்டாரகமை, சிங்களக் கிராமப் பகுதி. மற்றது அக்கரப்பத்தனைக்கு அப்பால் உள்ள டயகம தோட்டப் பகுதி. அப்புத்தளையிலிருந்து பார்த்தால் ஹோர்ட்டன் சமவெளிக்கு அந்தப் பக்கத்துச் சரிவு. திட்டத்தை நடத்திய ஆர்னே கிஞ்ச் 1962இல் அதன் தொடக்க அறிக்கையை வெளியிட்டார். மாத்திரையும் லூப்பும் இலங்கைக்கு வராத காலம் அது. ஆணுறை, நுரை மாத்திரை போன்ற எளிய முறைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி, பெண்களோடு பழகி, அவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். டயகம அனுபவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: சொல்லிக்கொடுக்க ஆளும் பொறுமையும் இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பெண்கள் இடைவெளி விட்டுப் பிள்ளை பெறும் வழிகளைக் கேட்கத் தயாராக இருந்தார்கள். 'தோட்டத்து ஆட்களுக்கு ஒப்பரேஷன்தான் சரிவரும், மாத்திரையெல்லாம் மறந்துவிடுவார்கள்' என்று பின்னாளில் அடிக்கடி சொல்லப்பட்ட காரணத்தை, அது சொல்லப்படுவதற்கு முன்பே டயகம கேள்விக்குள்ளாக்கிவிட்டது.

1965இல் குடும்பக்கட்டுப்பாடு நாட்டின் கொள்கையாகி, தாய் சேய் நல சேவையோடு இணைந்தது. கிராமத்துக்கு அரசாங்க மருத்துவ மாது வந்தாள். அவளுக்கு ஒரு பிரதேசம், வீட்டுக்கு வீடு போகும் கடமை, சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிக்கை. இலங்கையின் தாய் மரணம் குறைந்ததை உலகம் பாராட்டியதென்றால் அதில் பெரும்பங்கு அந்த மாதுக்களுக்கு உண்டு. ஆனால் அவள் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிட்டாள். தோட்டம் தனியார் சொத்து, உள்ளே இருப்பது தோட்டத்து ஆஸ்பத்திரி. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையான பிறகும் இந்த எல்லை அழியவில்லை. சொத்து அரசுக்கு மாறியது. அதிலிருந்த மக்களின் சுகாதாரம் மாறவில்லை, அது தோட்ட நிர்வாகச் சபைகளிடமே இருந்தது. இடையில் 1973, 74 பஞ்சம். பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்து, வேலை நாட்களும் குறைந்து, ஊவாத் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். 1974இல் தோட்டத்துச் சிசு மரண விகிதம் நாட்டின் விகிதத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் பெண்கள் அதிகம் பெறுவார்கள். இதை எந்தப் பிரசாரத் துண்டறிக்கையும் சொன்னதில்லை.

இப்போது 500 ரூபாய்க்கு வருவோம்.

1980இல் அரசாங்கம் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. முதலில் 100 ரூபாய். அதே வருடத்தில் 500 ஆனது. அடுத்த வருடங்களில் குறைந்தது, மீண்டும் ஏறியது. கொழும்பில் ஒரு குமாஸ்தாவுக்கு அது கைச்செலவுக் காசாக இருந்திருக்கலாம். ஆணுக்குச் சமமான நாட்கூலியே கிடைக்காதிருந்த கொழுந்துக்காரிக்கு, 500 ரூபாய் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். சமக்கூலி 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆண்களும் அந்த ஆண்டுகளில் வாசக்டமி செய்துகொண்டார்கள், அது நிலைக்கவில்லை. கடைசியில் எல்லாம் பெண்ணின் வயிற்றுக்கே வந்து சேர்ந்தது.

நடைமுறை எப்படி இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகான முதல் சில நாட்கள், கருக்குழாயை முடிந்து வெட்டுவதற்கு வைத்தியருக்கு வசதியான நாட்கள். கருப்பை மேலே உயர்ந்திருக்கும், தொப்புளுக்குக் கீழே சிறிய வெட்டுப் போதும், பெண்ணும் ஏற்கனவே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மருத்துவரீதியாக அதில் தவறில்லை. உலகமெங்கும் செய்கிறார்கள். ஆனால் பதுளைக்கோ தியத்தலாவைக்கோ லொறியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு தோட்டப் பெண், வலி தீர்ந்து 24 மணி நேரம்கூட ஆகாத நிலையில், தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் பெருவிரல் ரேகை வைத்தால் அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொரு புறம், அவளைக் கூட்டி வந்தவர் தோட்டத்து மருத்துவிச்சி. அவளது மகப்பேற்றுக் கொடுப்பனவுக்குத் தாள் எழுதுவது அதே டிஸ்பென்சரி. கிளினிக்குக்குப் போன நாளை லீவாகப் போடுவதா, பேர் வெட்டி அன்றைய கூலியை நிறுத்துவதா என்று முடிவெடுப்பது அதே அலுவலகம். இந்த மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது யாரும் மிரட்டத் தேவையில்லை. ஒரு தடவை கேட்டாலே போதும்.

மிரட்டலும் நடந்தது. தோட்டத்தில் பிறந்து மானுடவியல் படித்த சசிகுமார் பாலசுந்தரம் தோட்டப் பெண்களிடம் கேட்டறிந்து 2011இல் வெளியிட்ட ஆய்வுக்கு 'கருப்பைகளைத் திருடுதல்' என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். தலைப்பு கடுமையானது. உள்ளே அவர் காட்டும் வற்புறுத்தலைப் படித்தபோது அந்தக் கடுமை மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கதையை இங்கேயே முடித்துவிடுவது அந்தப் பெண்களுக்கே அநியாயம். ஒப்பரேஷனைத் தாங்களே கேட்டு வாங்கிய பெண்கள் ஏராளம். மூன்றோ நான்கோ பெற்று, இரண்டைப் பறிகொடுத்து, குடிக்கும் கணவனோடு ஒரே காம்பராவில் இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு கர்ப்பம் வேண்டாம் என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. 'இத்தோடு போதும்' என்று அவள் சொன்னதை அரசியல் கோஷங்களுக்காக நாம் அழித்துவிடக் கூடாது. பிழை வேறிடத்தில் இருக்கிறது. போதும் என்று சொல்ல அவளுக்கு வழி இருந்தது. இப்போது வேண்டாம், இரண்டு வருடம் போகட்டும் என்று சொல்ல வழி மிகக் குறைவாக இருந்தது. 1987, 1993 ஆண்டுகளின் தேசிய சனத்தொகை சுகாதார ஆய்வுகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். நகரத்திலும் கிராமத்திலும் மாத்திரை, ஊசி, லூப், ஆணுறை, நாட்கணக்கு என்று பல முறைகள் கலந்து கிடக்கின்றன. தோட்டத்தில் நவீன முறை பின்பற்றியவர்களில் மிகப் பெரும்பான்மைக்கு ஒரே முறை, கத்தி. 25 வயதில் இரண்டு பிள்ளையோடு கத்தி வைத்துக்கொண்ட பெண்ணின் பிள்ளைகளில் ஒன்று இறந்தால் அவளுக்கு மறுவழி கிடையாது. சிசு மரணம் கூடுதலாக இருந்த இடத்திலேயே திரும்ப முடியாத முறையைப் பரப்பியதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மிகக் கொடிய பக்கம்.

இந்தத் தர்க்கம் இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. கர்ப்பம் தரிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் பெயரில் நிர்வாகம் 5 ரூபாய் சேமிப்பில் போடும். பிள்ளைகள் கூடினால் பணம் பறிபோகும். சாஸ்திரி ஒப்பந்தப்படி அப்புத்தளையிலிருந்தும் பதுளையிலிருந்தும் கப்பலேறியவர்களில் பலர் அதே நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீத் தோட்டங்களில் குடியேறினார்கள். கடலைக் கடந்தாலும் ஒரு பெண்ணின் கருவைச் சம்பளப் புத்தகத்தோடு கட்டும் பழக்கம் அவர்களுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்தது. இந்திராவின் அவசரநிலைக் காலத்தில், 1975 முதல் 77 வரை, வட இந்தியாவில் நடந்த கட்டாயக் கருத்தடைகளுக்கு மக்கள் வாக்குச் சீட்டால் பதில் சொன்னார்கள். வாக்குச் சீட்டே இல்லாமலிருந்த அப்புத்தளைத் தொழிலாளிக்கு அந்தப் பதிலும் வாய்க்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில் வேறு பணமும் வந்தது. நெதர்லாந்து, நோர்வே உதவியோடு தோட்டங்களில் குழாய்த் தண்ணீர், கக்கூஸ், புதுப்பித்த பிரசவ வாட்டுகள், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள். ஏற்பு ஊசியும் எல்லாக் கர்ப்பிணிகளையும் எட்டத் தொடங்கியது. சிசு மரணம் வேகமாகச் சரிந்தது, லயத்துப் பிரசவம் அரிதானது. எண்ணிக்கை காட்டும் இந்த முன்னேற்றத்தை மறுப்பவர்கள் அன்றைய லயத்தைப் பார்க்காதவர்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனபோது, சுகாதாரத்தையும் வீடமைப்பையும் கவனிக்கத் தனியே ஒரு நம்பிக்கை நிதியம் அமைந்தது. பிறகு அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறியது.

1994இல் கெய்ரோவில் கூடிய உலக சனத்தொகை மாநாடு, இலக்கு வைத்துப் பிறப்பைக் குறைப்பதை விட்டுப் பெண்ணின் உரிமையிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. இலங்கையும் 1998இல் சனத்தொகை மற்றும் இனப்பெருக்கச் சுகாதாரக் கொள்கை வகுத்தது. அதற்கு முன்பே, 1996இல், 35 வயதுப் பெண்களின் கருப்பைக் கழுத்தையும் மார்பையும் பரிசோதிக்கும் சுவநாரி கிளினிக்குகள் தொடங்கியிருந்தன. நல்ல திட்டம். பிள்ளை பெறுவதோடும் நிறுத்துவதோடும் தொடர்பில்லாத ஒரு காரணத்துக்காக ஒரு பெண்ணை ஆஸ்பத்திரி கூப்பிட்டது தோட்டத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் தடவை என்று சொல்லலாம். ஆனால் கிளினிக் நடப்பது வேலை நாளின் காலையில். கொழுந்து நிறுக்கும் நேரம் தவறினால் அரைப்பேர், அன்று முழுக்கப் போகாவிட்டால் பேரே இல்லை. பரிசோதிக்கும் மாதுக்குத் தமிழ் தெரியாவிட்டால், வெள்ளைப்படுதலையோ கணவன் கொடுத்த நோயையோ பக்கத்து லயத்துப் பையனை மொழிபெயர்க்க வைத்துச் சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? தமிழ் மருத்துவ மாதுக்களைத் தோட்டங்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், தேவையான பரீட்சைச் சித்தி இல்லை என்ற பதில் வந்தது. அந்தச் சித்தியைத் தரக்கூடிய விஞ்ஞான வகுப்புகள் ஊவாத் தோட்டத் தமிழ்ப் பாடசாலைகளில் எத்தனை இருந்தன என்பதை யாரும் சேர்த்துக் கேட்கவில்லை.

கருக்கலைப்பைப் பற்றியும் ஒரு வரியாவது எழுதாமல் போக முடியாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே அதை அனுமதிக்கிறது. 1995இல் அதைத் தளர்த்த எடுத்த முயற்சி நாடாளுமன்றத்தில் தோற்றது. வசதி உள்ளவள் நகரத்தில் ஒரு தனியார் இடத்தைத் தேடிக்கொள்கிறாள். தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது குச்சியும் கைமருந்தும், காய்ச்சல் ஏறிய பிறகு கேள்விகளோடு காத்திருக்கும் வாட்டும்.

மகப்பேற்றுச் சட்டத்திலேயே பழைய கணக்கின் ஒரு துண்டு நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரச் சம்பள லீவு, மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம் மட்டும். மூன்றாவது பிரசவத்தில் உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை. மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் வேலையைத்தான் அந்தப் பிரிவு செய்துகொண்டிருந்தது. பச்சை உடம்போடு ஏழாவது வாரம் செங்குத்து மலையில் கூடை கட்டிய பெண்கள் அதன் எடையை அறிவார்கள். 2018இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் 12 வாரத்தைச் சமமாக்கியது.

(தொடரும். அடுத்த இதழில்: அரசாங்கம் பொறுப்பேற்ற தோட்ட ஆஸ்பத்திரிகளும் பொறுப்பேற்காமல் விட்டவையும்.)